கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: தேடுவது, சரிபார்ப்பது, பகிர்வது – முழுமையான வழிகாட்டி

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1965-இல் கலிபோர்னியாவில் உருவானது. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கடைசியாக மேடையேறியது. சரியாக ஒரு மாதம் கழித்து, குழுவின் முன்னணி கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறந்துபோக, குழுவும் முடிவுக்கு வந்தது. இந்த முப்பது ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். அவற்றில் பெரும்பகுதியை இன்று முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்க முடிகிறது. குழுவின் ஒலிப் பொறியாளர்கள் பதிந்துவைத்தது ஒரு பக்கம். டிக்கெட் எடுத்து உள்ளே போன ரசிகர்கள் மைக்கும் டேப் ரெக்கார்டருமாகச் சுமந்து சென்று பதிந்தது இன்னொரு பக்கம். இரண்டையும் படியெடுத்து, தபாலில் அனுப்பி, கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வைத்தவர்கள் ரசிகர்கள்தான்.

ஒரே குழுவின் கச்சேரியை இத்தனை முறை ஏன் கேட்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் நம் ஊர் உதாரணத்தைத்தான் சொல்வேன். ஒரு வித்வான் பத்து சபாவில் தோடி பாடினால் பத்தும் ஒன்றாக இருக்காது. 'அந்த வருஷ சீசனில் பாடிய தோடி' என்று பழைய ரசிகர்கள் தனியாக நினைவு வைத்திருப்பார்கள். டெட் ரசிகர்களும் அப்படித்தான். இந்தக் குழு ஒவ்வொரு இரவும் பாட்டு வரிசையை மாற்றியது. ஒரே பாட்டு ஒரு நாள் பத்து நிமிடம், இன்னொரு நாள் அரை மணி நேரம். அதனால் எந்தத் தேதி, எந்த ஊர் என்பது இங்கே பாட்டின் பெயரைவிட முக்கியம்.

இந்தச் சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி நெடுக நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: ஒரு பதிவோடு அதன் பூர்வீகமும் சேர்ந்தே வர வேண்டும். யார் பதிந்தது, எதில் பதிந்தது, எத்தனை கை மாறி வந்தது என்ற விவரம் தொலைந்துபோனால், பாதிப் பதிவு தொலைந்த மாதிரி.

முதலில் ஒரு விதி: காசு கிடையாது

1970களின் தொடக்கத்திலேயே ராக் கச்சேரிகளைத் திருட்டுத்தனமாக இசைத்தட்டாக அடித்து விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அதற்கு எதிர்வழியாகத்தான் நியூயார்க் பக்கம் ரசிகர்கள் இலவச டேப் பரிமாற்றக் குழுக்களைத் தொடங்கினார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற லெஸ் கிப்பெல் 1974-இல் 'டெட் ரெலிக்ஸ்' என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்தார். டேப் பரிமாறுகிறவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. பின்னால் அதுவே ரெலிக்ஸ் என்ற முழு இசைப் பத்திரிகையாக வளர்ந்தது.

குழுவும் இதைத் தடுக்கவில்லை. பதிந்துகொள்ளுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள், விற்காதீர்கள் என்பதே நிலைப்பாடு. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் தந்தார்கள். டேப்பர்கள் என்று இவர்களுக்குப் பெயர். மேடை ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் மேசையான மிக்சருக்கு முன்னால் மைக் ஸ்டாண்டுகள் காடாக எழும்பி மற்றவர்களின் பார்வையை மறைத்ததால், அந்த இடம் மிக்சருக்குப் பின்னால் அமைந்தது. ஒலி முன்னால்தான் நன்றாக இருக்கும் என்று அதற்குப் பிறகும் முன்வரிசைப் பக்கம் மைக் தூக்கியவர்கள் உண்டு.

இந்த விதியை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் இந்தப் பரிமாற்றம் நிலைத்ததற்குக் காரணமே இதுதான். யாராவது பணத்துக்குப் பதிவு தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். அவர் விற்பது எங்கேயோ இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: சேர்ப்பதற்கு முன்னால் கேளுங்கள்

முதல் வாரத்திலேயே ஆயிரம் கச்சேரிகளை இறக்கி வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாறு கச்சேரிகளோடு தொடங்குங்கள். ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று போதும்.

ஆரம்ப காலத்துக்கு 1970 பிப்ரவரி 13, 14 தேதிகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது. குழுவின் ஆரம்பகாலப் பாடகர் பிக்பென் மெக்கெர்னனின் ப்ளூஸ் குரலும் கட்டுக்கடங்காத நீண்ட வாசிப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். அடுத்தது 1972. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்தார்கள். அத்தனையும் 16 டிராக்கில் பதிவாகி, 2011-இல் முழுத் தொகுப்பாகவே வெளிவந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ஆரெகன் மாநிலத்தின் வெனிட்டாவில், கொளுத்தும் வெயிலில், ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட வாசித்த கச்சேரியையும் விட்டுவிடாதீர்கள்.

1977-க்கு கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், மே 8. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். கடைசிக் காலத்துக்கு 1990 மார்ச் 29, நசாவ் கொலீசியம். பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸஃபோனோடு மேடையேறி, ஒத்திகை பார்த்தவர் போலவே கலந்துவிடுகிறார்.

பிற்காலக் கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் 'டிரம்ஸ்' என்று ஒரு பகுதி வரும். பில் க்ராய்ட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் மட்டும் வாசிக்கிற, கிட்டத்தட்ட ஒரு தனி ஆவர்த்தனம். புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மிக்கி ஹார்ட் 1991-இல் கொண்டுவந்த 'ப்ளானெட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேனுடன் நம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார், அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. தாளத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்த மனிதரின் வாசிப்பு அது.

தேதி எழுதும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அமெரிக்க ரசிகர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 5/8/77 என்றால் மே 8. நாம் வாசிப்பதுபோல் ஆகஸ்ட் 5 அல்ல. பழைய கேசட் உறைகளில் எல்லாம் இப்படித்தான் இருக்கும். உங்கள் சேகரிப்பில் 1977-05-08 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். குழப்பமும் வராது, கணினியும் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும்.

படி 2: எங்கிருந்து பதிந்தது என்று கண்டுபிடியுங்கள்

ஒரே கச்சேரிக்கு நான்கைந்து பதிவுகள் இருக்கலாம். அவை வேறு வேறு காதுகள்.

சவுண்ட்போர்டு பதிவு மிக்சரிலிருந்து நேராக எடுத்தது. குரலும் கருவிகளும் துல்லியமாக இருக்கும், கைதட்டல் எங்கோ தூரத்தில் கேட்கும். புதியவர்கள் இதுதான் உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள், எப்போதும் அப்படி இல்லை. சின்ன அரங்கில் கிதார் ஆம்ப்ளிஃபையரின் சத்தமே கூடத்துக்குப் போதுமானதாக இருந்தால், மிக்சரில் கிதாரைக் குறைத்து வைத்திருப்பார்கள். அப்போது பதிவில் குரல் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். 1974-இல் அவர்கள் பயன்படுத்திய 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற பிரம்மாண்ட ஒலியமைப்பில் இசைக்கலைஞர்களுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர் சுவர் நின்றது. அந்த ஓசை மைக்கில் புகுந்து ஊளையிடாமல் இருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் எதிர்த் துருவத்தில் இணைத்த இரண்டு மைக்குகள். அந்த ஆண்டுப் பதிவுகளில் குரல் சற்று மெலிந்து ஒலிப்பது அதனால்தான்.

ஆடியன்ஸ் பதிவு கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது. நல்ல மைக்கும் நல்ல இடமும் கிடைத்திருந்தால், கண்ணை மூடினால் அரங்குக்குள்ளேயே இருப்பதுபோல் இருக்கும். பாஸ் கிதார் அரங்கின் காற்றை அசைப்பதும், ஒரு பாட்டு தொடங்கியதைக் கூட்டம் அடையாளம் கண்டு கூவுவதும் சவுண்ட்போர்டில் கிடைக்காது. எனக்கு 1980களின் கச்சேரிகளில் பலவற்றை ஆடியன்ஸ் பதிவாகக் கேட்கத்தான் பிடிக்கும். இரண்டையும் நேரம் பொருத்திக் கலந்தால் அது மேட்ரிக்ஸ். கவனமாகச் செய்த மேட்ரிக்ஸ் அருமையாக இருக்கும். நேரம் துளி பிசகினாலும் எல்லாம் எதிரொலித்துக் கெட்டுவிடும். இவை போக எஃப்எம் பதிவு, அதாவது வானொலியில் ஒலிபரப்பானதை வீட்டில் பதிந்தது. சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கை மூடிய 1978 டிசம்பர் 31 இரவுக் கச்சேரி பலருக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

சவுண்ட்போர்டுகளிலேயே ஒரு தனி ரகம் உண்டு. ரசிகர்கள் பெட்டி போர்டு என்பார்கள். பெட்டி கேன்டர்-ஜாக்சன் குழுவின் ஒலிப் பொறியாளர். 1970களில் அவர் பதிந்த ரீல்களில் இருக்கும் தெளிவும் கனமும் அந்தக் காலத்து மேடைப் பதிவுகளில் அபூர்வம். பின்னால் பணக்கஷ்டத்தில் அவருடைய பொருட்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, 1986-இல் ஏலத்துக்குப் போயின. முன்பின் தெரியாதவர்கள் ரீல்களை வாங்கிப் போனார்கள். அவற்றில் ஒரு பகுதி படியெடுக்கப்பட்டு ரசிகர்கள் கையில் பரவியபோதுதான் கார்னெல் 1977 இவ்வளவு புகழ்பெற்றது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதையும் சேர்த்தது. மூல ரீல்கள் திரும்ப வந்து, 2017-இல், கச்சேரி நடந்து நாற்பதாவது ஆண்டில், முறையாக வெளியானது. அதுவரைக்கும் அதை உயிரோடு வைத்திருந்தது கேசட் பரிமாறியவர்களின் கைகள்தான்.

படி 3: பூர்வீகத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒழுங்கான எந்தப் பதிவோடும் ஒரு சின்ன உரைக்கோப்பு இருக்கும். தேதி, ஊர், அரங்கு, பாட்டு வரிசை, கீழே பூர்வீகம். ஒரு உதாரணம்:

நாகமிச்சி சிஎம்-300 மைக் > சோனி டிசி-டி5எம் > மாஸ்டர் கேசட் > டாட் > ஃப்ளாக்

இடமிருந்து வலமாக வாசியுங்கள். இந்த மைக்கில் பிடித்து, இந்த ரெக்கார்டரில் கேசட்டில் பதிந்து, அந்த மூலக் கேசட்டிலிருந்து டாட் எனப்படும் டிஜிட்டல் டேப்புக்கு மாற்றி, அங்கிருந்து கணினிக் கோப்பாக்கியது. நடுவில் வேறு கேசட் எதுவும் வரவில்லை. மிக நல்ல பூர்வீகம். இதே இடத்தில் 'கேசட் 3' என்று இருந்தால் மூன்றாம் தலைமுறைப் படி என்று பொருள். அனலாக் டேப்பில் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும், வேகம் கொஞ்சம் தள்ளாடும். டிஜிட்டலுக்கு மாறிய பிறகு எத்தனை படி எடுத்தாலும், சுருக்காமல் எடுத்தால், இழப்பு இல்லை. ஆகவே கண்ணில் பட வேண்டியது டிஜிட்டலுக்கு முன்னால் எத்தனை அனலாக் படிகள் என்பதுதான்.

இதே > குறி பாட்டு வரிசையிலும் வரும். அங்கே அதற்கு அர்த்தம் வேறு: ஒரு பாட்டு நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் ஓடிக் கலக்கிறது என்று பொருள். 'ஸ்கார்லெட் > ஃபயர்' என்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது.

பூர்வீகம் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் அது நேர்மையான குறிப்பு, மதிக்கலாம். எதுவுமே எழுதாமல், தேதியும் இல்லாமல் வருவதைத்தான் தள்ளிவைக்க வேண்டும். தேதி தவறாக ஒட்டிய ஒரு கேசட் படி பல வருடம் என்னிடம் இருந்தது. பாட்டு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அது வேறு இரவு என்று தெரிந்தது. அதற்குள் அந்தத் தவறான தேதியோடே மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டேன். மூவருக்கும் எழுதித் திருத்தச் சொன்னேன். அன்றிலிருந்து பாட்டு வரிசையை ஒப்பிடாமல் எதையும் அடுக்கில் வைப்பதில்லை.

படி 4: எங்கே கிடைக்கும்

இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவின் நேரடி இசைக் காப்பகம்தான் முதல் வாசல். சுருக்காத கோப்புகளைப் பரிமாற 1998-இல் ரசிகர்கள் அமைத்த ஈட்ரீ கூட்டமும் ஆர்க்கைவும் சேர்ந்து 2002-இல் இதைத் தொடங்கினார்கள். டெட் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒரே கச்சேரியின் பல மூலங்களும் தனித்தனியாக.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். சவுண்ட்போர்டுகளை அங்கேயே கேட்க மட்டும் முடியும். 2005 நவம்பரில் குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டதால் எல்லாப் பதிவுகளையும் இறக்க முடியாதபடி ஆக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், குழுவுக்கு உள்ளேயே கருத்து வேறுபாடு வெளிப்பட்டது. சில நாட்களில் வந்த சமரசம்தான் இன்றைய இந்த ஏற்பாடு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கூட்டத்தில் நின்று பதிந்தவர் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறோம், குழுவின் மிக்சரிலிருந்து வந்ததைக் கேட்டு மகிழ்கிறோம்.

முறையாக வெளியானவற்றை வாங்கிக் கேளுங்கள். குழுவின் காப்பகத்தைக் கவனித்த டிக் லாட்வாலா தாமே ஒரு டேப் சேகரிப்பாளராக இருந்தவர். அவர் 1993-இல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை 36 தொகுதிகள் வந்தது. அவருக்குப் பின் டேவிட் லெமியூ பொறுப்பேற்று 2012-இலிருந்து 'டேவ்ஸ் பிக்ஸ்' கொண்டுவருகிறார். இந்த வரிசைகளில் வந்ததைப் பரிமாற்றத்தில் விடுவதில்லை. இதுவும் எழுதாத விதிதான், மீறினால் யாரும் உங்களோடு பரிமாற மாட்டார்கள்.

படி 5: இறக்கியதைச் சரிபாருங்கள்

ஃப்ளாக் வடிவில்தான் சேருங்கள். இது ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குகிறது. பழைய பதிவுகளில் ஷார்ட்டன் என்ற வடிவமும் இருக்கும். அதுவும் இழப்பில்லாததுதான், ஃப்ளாக்காக மாற்றிவைத்துக்கொள்ளலாம். எம்பி3 காரில் கேட்க நல்லது. ஆனால் எம்பி3-ஐ மறுபடி ஃப்ளாக்காக மாற்றிச் சுற்றில் விடுவது பெரிய தவறு. இழந்தது திரும்பி வராது, வாங்குகிறவருக்கு அது தெரியவும் தெரியாது.

கோப்புகளோடு எம்டி5 என்ற கைரேகைக் கோப்பு வரும். சரிபார்க்கும் மென்பொருளில் ஓட்டினால், பதிவேற்றியவரிடம் இருந்ததும் உங்களிடம் வந்ததும் ஒன்றுதானா என்று சொல்லிவிடும். ஒரு நுணுக்கம்: பாட்டுப் பெயர், தேதி போன்ற குறிப்புகளை ஃப்ளாக்குக்குள் எழுதினால் கோப்பு மாறிவிடும், எம்டி5 பொருந்தாது. ஃப்ளாக் கைரேகை என்று இன்னொன்று உண்டு. அது உள்ளேயிருக்கும் ஒலியை மட்டும் அளப்பதால் மாறாது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பி3-லிருந்து வந்த போலியோ என்று சந்தேகம் வந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து அலைமாலைப் படத்தை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தைப் பாருங்கள். தாழ்ந்த தரத்து எம்பி3-இல் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் ஒலி நின்றுவிடும். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவது இயல்பு. 19-இல் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது ஸ்டீரியோ ஒலிபரப்பின் வழிகாட்டி அலை, நல்ல சாட்சி. பல தலைமுறை கடந்த கேசட்டிலும் உச்சம் இருக்காது, ஆனால் அது மெல்ல மங்கும். வெட்டுப் போல் இருக்காது.

அப்புறம், பிளேயர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை நொடி நிறுத்துகிற பிளேயரில் இந்தக் குழுவைக் கேட்கவே கேட்காதீர்கள். இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 6: அடுக்கி வைப்பது

மூன்று மணி நேரக் கச்சேரி சிடி தரத்தில், ஃப்ளாக்காக, ஏறத்தாழ 1 ஜிபி வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஒரு கச்சேரிக்கு ஒரு ஃபோல்டர். அதன் பெயரில் தேதி, ஊர், மூலம். உரைக்கோப்பையும் கைரேகைக் கோப்புகளையும் அதே ஃபோல்டரில் விடுங்கள், தனியாகப் பிரிக்காதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கைரேகை ஓட்டிப் பாருங்கள். இவ்வளவுதான்.

படி 7: பகிர்வது

கேசட் காலத்தில் ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ளதைப் பட்டியலிட்டு வைத்திருப்பார்கள்: தேதி, இடம், மூலம், தலைமுறை, தரம். இரண்டு பேர் பட்டியலை மாற்றிக்கொண்டு, உன்னிடமிருந்து இது, என்னிடமிருந்து அது என்று ஒத்துக்கொள்வார்கள். மாக்செல் எக்ஸ்எல்-2 90 நிமிடக் கேசட் கிட்டத்தட்ட அந்த உலகத்தின் நாணயம். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான் என்பதால், பக்கம் திருப்பும்போது பாட்டு வெட்டுப்படும். திறமையான டேப்பர் சுருதி சேர்க்கும் இடைவெளி பார்த்துத் திருப்புவார்.

பட்டியலில் எதுவுமே இல்லாத புதியவர் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வெற்றுக் கேசட்டுகளையும் திரும்பி வருவதற்கான தபால்தலையையும் அனுப்பினால் போதும். வாங்குகிறவர் பதிலுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. பின்னால் அவரும் இன்னொரு புதியவருக்கு இதையே செய்வார். பெரிய அளவில் பரப்ப மரம் அமைப்பார்கள். நல்ல படி வைத்திருப்பவர் வேர். அவர் நான்கைந்து கிளைகளுக்கு எடுத்துத் தருவார். ஒவ்வொரு கிளையும் சில இலைகளுக்கு. இப்படிச் செய்தால் கடைசி ஆளுக்கும் மூலத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் கிடைத்துவிடும்.

இன்று தபாலுக்குத் தேவை குறைந்துவிட்டது, ஆனாலும் மரியாதைகள் அப்படியே இருக்கின்றன. வந்த உரைக்கோப்பை ஒரு எழுத்துகூட அழிக்காதீர்கள். நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால், வேகம் திருத்தியிருந்தால், வெட்டுப்பட்ட இடத்தை வேறு மூலத்திலிருந்து ஒட்டியிருந்தால், எந்தப் பாட்டில், எந்த நிமிடத்தில் என்று கீழே எழுதுங்கள். திருத்தாத பழைய படியையும் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்தவரின் பெயரைப் பூர்வீகத்திலிருந்து எடுப்பது மிகக் கேவலமான செயல். அந்த மனிதர் மழையிலும் குளிரிலும் நின்று, பக்கத்தில் இருப்பவர்களைப் பேசாதீர்கள் என்று கெஞ்சிப் பதிந்திருப்பார். அவருக்குக் கிடைக்கிற ஒரே கூலி அந்த ஒரு வரி.

படி 8: பழைய கேசட் கைக்கு வந்தால்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினரின் பெட்டியில், பழைய புத்தகக் கடையில், எப்போதாவது தேதி எழுதிய ஒரு கேசட் கிடைக்கலாம். அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் கருவியில், போடக் கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை டெக்கின் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், டேப்பை ஒட்டியிருக்கும் சிறு பஞ்சுத் தகடு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் கேசட்டின் கூட்டை மாற்ற வேண்டும். உறையில் இருக்கும் எல்லாவற்றையும், அட்டையின் பின்புறம் உட்பட, படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிறுக்கல்தான் பூர்வீகம்.

டெக்கில் டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப் தளரும். பிறகு ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். பதிந்த டெக்கின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் துளி மாறினாலும் உச்ச ஒலிகள் போய்விடும். ஒலியை மோனோவாக மாற்றிக் கேட்டுக்கொண்டே அந்தச் சின்னத் திருகை மெல்லத் திருப்புங்கள். டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்த ஐந்து நிமிடம்தான். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை, உறையில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இந்த ரசிகர்களில் பெரும்பாலோர் டால்பி இல்லாமல்தான் பதிந்தார்கள்.

24 பிட்டில் பதியுங்கள். உச்ச அளவு −6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து அரங்கின் காற்றையும் அது தின்றுவிடும்.

வேகம்தான் கடைசிச் சிக்கல். எல்லா டெக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். கிதார் ஆம்ப்ளிஃபையரின் ரீங்காரம் பாட்டுகளுக்கு நடுவே பதிவாகியிருக்கும். அலைமாலையில் அது 61.2-இல் தெரிந்தால் டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரிந்தால் அது உங்கள் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம். எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும்போது சுருதியும் நேரமும் சேர்ந்து மாறும் கட்டளையைப் பயன்படுத்துங்கள், சுருதியை மட்டும் மாற்றுவதை அல்ல. பிறகு ஒரு பாட்டோடு கிதாரைச் சேர்த்து வாசித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். திருத்தாத மூலக் கோப்பை அப்படியே தனியாக வையுங்கள். உங்களைவிட நல்ல காதும் நல்ல கருவியும் உள்ள ஒருவருக்குப் பின்னால் அது தேவைப்படும்.

நீங்களே பதிய வேண்டுமென்றால்

ஃபிஷ் என்ற அமெரிக்க ராக் குழுவைப் போல, ரசிகர்கள் பதிவதை இன்றும் அனுமதிக்கிற குழுக்கள் இருக்கின்றன. குழுவின் அனுமதியை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் மைக்கை எடுக்க வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் ஒளித்துப் பதிய நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

தொடக்கத்துக்கு, இரண்டு மைக்குகளை இணைக்கும் வசதியுள்ள சின்ன டிஜிட்டல் ரெக்கார்டரும், ஒரே மாதிரி இரண்டு கார்டியாய்டு மைக்குகளும் (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிப்பவை) போதும். இரண்டையும் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரித்து வையுங்கள். ஓஆர்டிஎஃப் என்று பிரெஞ்சு வானொலியின் பெயரால் அழைக்கப்படும் இந்த அமைப்பு மனிதக் காதுகளின் இடைவெளியை ஒட்டியது. எதிரொலி அதிகமான கூடத்தில் கோணத்தைக் குறைத்து மேடையை நோக்கித் திருப்புங்கள். ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள், பின்னால் இருப்பவரிடம் மறைக்கிறதா என்று கேட்டுவிட்டு. ஒலியளவைத் தாழ்வாக வைத்துத் தொடங்குங்கள். முதல் பாட்டுக்குப் பிறகு கூட்டமும் குழுவும் சத்தத்தைக் கூட்டுவார்கள். பேட்டரி புதிதாக இருக்கட்டும், கூடவே இன்னொரு ஜோடியும்.

வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், தூங்குவதற்கு முன் அந்த உரைக்கோப்பை எழுதிவிடுங்கள். தேதி, ஊர், அரங்கு, எந்த வரிசையில் நின்றீர்கள், மைக், ரெக்கார்டர், பாட்டு வரிசை, எந்தப் பாட்டில் யார் இருமினார் என்பது வரைக்கும்.